மங்குக்கு அர்த்தம் கேட்டார்கள்

புந்தோங், ஈப்போ
26.10.2025

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

ஈப்போவிலிருந்து அக்கா புனிதா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. நீயும் ஷார்மேனும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கையால் கடிதம் எழுதிப் பத்துப் பதினைந்து வருடமாவது இருக்கும். வாட்ஸ்அப்பில் நான் எதையாவது எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுகிறாய். போனில் சொல்லலாம் என்றால் இந்த ஃப்ளாட்டில் அம்மா காதில் விழாமல் பேச ஒரு மூலை கிடையாது. அதனால் நான் வேலை செய்யும் ஹோட்டலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி அறையில் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். நடுவில் பேனா மாறியிருக்கும்.

தீபாவளிக்கு நீ மெல்பர்னிலிருந்து அனுப்பிய புடவை வந்தது. அம்மாவுக்கு மேலே போர்த்திக் காட்டினேன். கலர் நல்லாருக்கு என்றார். அம்மா புடவை கட்டுவதில்லை தம்பி, இப்போதெல்லாம் நைட்டிதான். உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அம்மா பக்கவாதம் வந்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது, நீ வந்து போய் மூன்று வருடம் ஆகிறது. இடது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. புத்தி மட்டும் கத்தி மாதிரி. குழாயை நான் சரியாக மூடவில்லை என்று படுத்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் இரண்டாம் தேதி எனக்கு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். இதற்கு முன் ஜூலையில் ஒரு தேதி கொடுத்தார்கள், செப்டம்பரில் ஒரு தேதி கொடுத்தார்கள். இரண்டையும் தள்ளிவைத்தது நான்தான். அப்பா போன பிறகு, இராப்பகலாக அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை. உன் மச்சான் லூமுட்டில் கப்பல் பட்டறையில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வீடு வருவார். அவர் இருந்தாலும் மருமகன் கையால் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிப்பாரே தவிர, வேறு எதற்கும் விடமாட்டார். என்ன ஆப்பரேஷன் என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

போன வாரம் தினேஸ்வரி டீச்சர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் எடுப்பவர். பள்ளி இலக்கிய வட்டத்தில் உன் நாவலைப் படிக்கிறார்களாம். அதில் வருகிற தாய் புந்தோங்கில்தான் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாணவிகளையும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போதுதான் அம்மாவுக்கு உடம்பு துடைத்து முடித்திருந்தேன். வீடெல்லாம் டெட்டால் வாடை. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, நல்ல வளர்ப்பு.

ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்தார்கள். உன் நாவலில் வரும் குறியீடுகளாம். நடுவில் 'தாய்' என்று ஒரு வட்டம். அதிலிருந்து கோடு இழுத்து 'மண்' என்று எழுதியிருந்தார்கள். தோட்டம் விற்றுப்போன பிறகு குடும்பம் ஏறிப்போகிற லாரிக்கு ஓர் அர்த்தம், கேமரன் மலைப் பனிக்கு ஓர் அர்த்தம். மலைக்குப் போய் முதல் வருடம் தாய் பேசாமல் இருக்கிறாளே, அந்த மௌனம் பனியோடு சேர்ந்ததாம். எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம் மங்குக்கு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்கை அந்தப் பிள்ளைகள் யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் ஷாமினி என்ற பெண் எழுந்து நின்று அழகாகச் சொன்னாள். அறுபது மங்குகளைச் சாக்கில் கட்டித் தாய் மலைக்குத் தூக்கிப் போகிறாள். அங்கே ரப்பர் மரமே இல்லை. ஆகவே பால் இல்லாத மங்கு என்பது வற்றிப்போன மார்பு என்றாள். நான் தேத்தண்ணீர் கலக்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஷாமினி அம்மாவிடமே கேட்டுக்கொண்டிருந்தாள், "பாட்டிமா, அந்த மங்கெல்லாம் எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்க?" என்று. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பால் வெட்டத்தான். வேற எதுக்குத் தூக்குவாங்க?" என்றார். டீச்சர் எவ்வளவு ஆழமான பதில் என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் போன பிறகு அழுகை வந்தது.

தம்பி, அம்மா சொன்னதில் ஆழமும் இல்லை, மேடும் இல்லை. நடந்தது அதுதான். உனக்கு அப்போது ஐந்து வயது. லாரியில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாய். நீ எழுதிய பாதைகூட அது இல்லை. சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்கு அப்போது ரோடே போடவில்லை, நாம் தாப்பா வழியாகத்தான் ஏறினோம். நாவலில் தாய் பழைய வாழ்க்கையின் ஞாபகமாக மங்குகளை எடுத்துப் போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் தோழிகள் அழுதார்கள். ஆனால் அம்மா ஞாபகத்துக்காக ஒரு ஊசியைக்கூட எடுத்து வைத்தவர் இல்லை. தான் இன்னொரு ரப்பர் தோட்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகும் அம்மா நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். தனக்குத் தெரிந்தது பால் வெட்டு ஒன்றுதான், போனால் வேறு தோட்டத்துக்குத்தான் போவேன் என்றார். கேமரனில் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வீடும் கொடுக்கிறார்கள் என்று அப்பா அங்கே முதலாளியான சீனத் தவுக்கேயிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, "வேற தோட்டம் பார்த்துட்டேன் காளி, நல்ல எளமரம்" என்றார். அம்மா நம்பினார். புதுத் தோட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு விரிசல் விட்ட மங்குகளைத்தான் தள்ளிவிடுவார்கள், பால் ஒழுகினால் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் ஏச்சு வாங்க வேண்டும் என்று, வெட்டித் தள்ளிய மரங்களிலிருந்து நல்ல மங்காகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

நானும் உட்கார்ந்து தேய்த்தேன். இதுதான் உன்னிடம் சொல்லாதது. எனக்கு எல்லாம் தெரியும். அப்பா என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார். பதின்மூன்று வயதில் பெரிய மனுஷியாகிவிட்ட மாதிரி எனக்குப் பெருமை. அம்மா ஒரு மங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது எத்தன வருசத்துக்கும் வரும்" என்றார். ஆமாம்மா என்றேன்.

கம்போங் ராஜாவில் லாரி நின்றதும் அம்மா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். பனி, கோஸ், பிளாஸ்டிக் கூரை. "மரம் எங்க?" என்று கேட்டார். மங்குச் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பதினொரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அப்பா கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அந்த மௌனம் எந்தப் பனியோடும் சேர்ந்தது இல்லை, தம்பி. அது கோபம், வெறும் கோபம். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அம்மாவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் நாவலை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் எல்லாரும் வந்து அம்மாவை மண் என்கிறார்கள், மரம் என்கிறார்கள். மண்ணை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டியதில்லை. எனக்குச் சலித்துவிட்டது. அம்மா மீது சலிப்பில்லை. தனியாகத் தூக்குவதில்தான்.

இப்போது என் ஆப்பரேஷன். வலது மார்பில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உன்னைவிடச் சின்னவள். எனக்குப் பயமாக இருக்கிறது, பவி.

லகாட்டில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். ஆலிஸ் என்று ஓர் அம்மா நடத்துகிறார். சுத்தமாக இருக்கிறது, நல்ல மாதிரியாகப் பேசினார். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு கட்டில் வைத்துத் தருகிறேன் என்றார். அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் என் கட்டியைச் சொல்ல வேண்டும். சொன்னால் சாப்பிடமாட்டார். சொல்லாமல் இல்லம் என்றால் வரமாட்டார். வராவிட்டால் நான் மறுபடியும் தேதியைத் தள்ளுவேன். அதனால் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றலாமா என்று நான்கு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். அப்பாவைத் திட்டித் திட்டியே வளர்ந்தவள் நான். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்கு ஒன்று தெரியுமா? அந்த லாரியில் ஏறிய நாளிலிருந்து அம்மா எந்த வண்டியில் ஏறினாலும், கிளினிக்குக்குப் போக என்றாலும், கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க போறோம், நெசத்தச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். என்னிடம்தான் கேட்பார். நான் சொன்னால் நம்பி ஏறுவார்.

ஆறு வாரம் வா. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற நவமணி அக்கா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தூக்கிப் பிடிக்கவும் பக்கத்தில் இருக்கவும்தான் ஆள் வேண்டும். வேலை இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஷார்மேன் நல்ல பெண், எடுத்துச் சொன்னால் கேட்பாள். அவளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், எந்த வண்டியில் ஏறினாலும் போகிற இடம் தெரிந்து போகிறவர்களாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை தலை சீவிக்கொண்டிருந்தபோது அம்மா, "தம்பி எப்ப வாரான்?" என்று கேட்டார். வழக்கமாகத் தெரியலம்மா என்பேன். நேற்று, டிசம்பர்ல வாரான்மா என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பிவிட்டார். நான் சொன்னது பொய்யா நிஜமா என்பது இனி உன் கையில்தான் இருக்கிறது.

உன் அன்பு அக்கா,
புனிதா