குளத்தோரத்துக் கடைகளும் என் ஜன்னலும்

பெப்ரவரி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து பனி. ஜெபம் முடித்து ஜன்னலைத் திறந்தால் குளத்தையே காணோம். பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

இன்றைய வேலை: கண்ணாடிக்குத் திருகாணி. லீக்ஸ். மனு எழுதுவது.

மனு, பார்க் விஷயமாக. கரையோரப் புல்வெளியில் மாநகர சபை கடை வரிசை கட்டப் போகிறதாம். சீமெந்துப் பாதை, வாகனம் நிறுத்த இடம் வேறு. கடைகள் சரியாக என் ஜன்னலுக்கு முன்னால். பென்ஷன் எடுத்ததும் இந்த வீட்டை வாங்கியதே அந்த ஜன்னலுக்காக. கூரை ஒழுகும், கதவு சாத்தாது, ஆனால் தண்ணீர் தெரியும். இனி கொத்து ரொட்டிக் கடையின் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? வயிறு எரிகிறது.

பெப். 11, புதன்

அளக்க வந்துவிட்டார்கள். மூன்று பேர், நல்ல தூறல். யாரும் முகம் கொடுத்துப் பேசக்கூடாது என்று நேற்றுத்தான் கரையோரத்து வீட்டுக்காரர் எல்லோருமாக முடிவெடுத்தோம்.

பக்கத்து வீட்டுப் பார்வதிக்குப் பொறுக்கவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் மழையில் கொழுந்து எடுத்தவள். "பாவம் டீச்சர், நடுங்குறாங்க." கேத்தல் நிறையத் தேத்தண்ணி. எதிர்வீட்டிலிருந்து மீன் வைத்த மாலு பணிஸ். நான் குடை பிடித்தேன். யாருக்கு? கடைக்கு எல்லை முளை அடிக்கிறவனுக்கு!

போகும்போது அதிகாரி ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். "குடியிருப்பாளர்கள் நல்ல ஒத்துழைப்பு."

அட கர்த்தரே.

பெப். 14, சனி

கூட்டம். சபை மண்டபத்தில், பார்க் விஷயமாக. அந்த அதிகாரியே வந்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசுகிறார்.

"உங்களுக்கெல்லாம் விருப்பம்னு நினைச்சோம். தேத்தண்ணியெல்லாம் குடுத்தீங்களே?"

எழுந்துவிட்டேன். "சேர், தேத்தண்ணி வேற, சம்மதம் வேற. வீட்டை இடிக்க வந்தாலும் தேத்தண்ணி குடுத்துட்டுத்தான் சண்டை புடிப்போம்."

மண்டபமே சிரித்தது. அவரும்தான். பிறகு பத்து நிமிடம் விடாமல் பேசினேன். கடைகளை இடம் மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்! கைதட்டல். திரும்பும் வழியில் கால் தரையில் இல்லை. இரவு உருளைக்கிழங்கு பொரித்துச் சாப்பிட்டேன், கொலஸ்ட்ரோல் எக்கேடும் கெடட்டும்.

பெப். 17, செவ்வாய்

வெயில். துணி துவைத்தது. சபை ஆட்கள் வந்து முளைகளைப் பிடுங்கினார்கள். ஜன்னலில் குளம் முழுசாக. பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன்.

மாலையில் கரையோரம் நடந்தபோதுதான் பார்த்தேன். அதே முளைகள், பார்வதி வீட்டு வாசலுக்கு நேரே.

கூட்டத்தில் நான் என்ன பேசினேன் என்று யோசித்தேன். ஜன்னல், ஜன்னல், என் ஜன்னல். ஒரு தடவையாவது 'எங்கள்' என்றேனா? அந்த மனிதர் நான் கேட்டதைச் செய்திருக்கிறார். வெட்கமாகிவிட்டது.

பார்வதி வாசலில் நின்றாள். "பரவால்ல டீச்சர். உங்களுக்காச்சும் தண்ணி தெரியுதே. நான் அங்கன வந்து பார்த்துக்கிறேன்."

கோபமே இல்லை அவளுக்கு. அதுதான் தாங்கவில்லை.

மனுவைக் கிழித்தேன். புது மனு, முதல் வரியில் அவள் வீடு. அதைக் கொடுக்க மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு நாளை முதல் பஸ், இரண்டு பேரும். எழுதி முடித்தும் மனம் ஆறவில்லை. இறங்கிப் போய் முதல் முளையைப் பிடித்து இழுத்தேன். அறுபத்திரண்டு வயதில்! முளையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பார்வதி சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

"தள்ளுங்க டீச்சர், உங்களுக்கு வராது" என்று சேலையைச் சொருகிக்கொண்டு மிச்ச ஏழு முளையையும் அவளே பிடுங்கினாள்.