பட்டுமாஹோவில் நாலு பேர்

21 பெப்ரவரி 1996, புதன்

சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னை எடுத்துவிட்டார்கள். ஆறு கிழமை வேலைதான். பகலில் இது, பின்னேரம் வழக்கம்போல் பள்ளிக்கூடம் கூட்டப் போகலாம். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கப் புள்ளிவிபரப் பகுதியில் பதினாறு வருடம் இருந்தவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அதை யாரோ வாசித்திருக்கிறார்கள்.

இரகசியம் காப்பேன் என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கா சொல்லித்தர வேண்டும்?

எனது பகுதி தெற்கே, பட்டுமாஹோப் பக்கம். பழைய வரைபடத்தில் பிராங்கிளின் கவுண்டி என்று இருக்கிறது, இப்போது டிஸ்ட்ரிக்ட். வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைகிற செம்மண். அறுபத்தொரு வீடு, வீட்டுக்கு வீடு நாய்.

27 பெப்ரவரி, செவ்வாய்

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை மைல். பழைய பண்ணை வீடுகளில் கிழவனும் கிழவியும்தான், பிள்ளைகள் பக்கத்து நாடான அவுஸ்திரேலியாவில். நடுவே துண்டு போட்டு விற்ற காணிகளில் நகரத்துக்காரர் பெரிய வீடு கட்டிக் குதிரை வளர்க்கிறார்கள். பண்ணைக்காரருக்கு அவர்களைப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் எங்களைப் பிடிக்காது.

ஒருவர் கேற்றிலேயே நின்று கேட்டார்: இன்னும் எத்தனை ஆசியர் வரப்போகிறீர்கள் என்று எண்ணத்தான் இந்தக் கணக்கா? இது தேர்தல் வருடம், எல்லாருக்கும் வாய் நீளம். இன்றைக்கு உங்களைத்தான் எண்ண வந்தேன் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

1 மார்ச், வெள்ளி

கோலின் என்பவரின் வெங்காயக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர அறை. கதவைத் தட்டினால் உள்ளே தமிழ்! நாலு பேர். மலேசியத் தமிழர் இருவர், அண்ணன் தம்பி, விசா முடிந்து ஒரு வருடம். செல்வராஜ் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்; அவருக்கு மட்டும் ஒழுங்கான பத்திரம் இருக்கிறது, வான் ஓட்டுகிறார். மற்றவன் பிருந்தன், சாவகச்சேரிப் பொடியன், இருபத்தேழு வயது. அகதி மனு இரண்டு தரமும் நிராகரிப்பு. தமையனை ஆமி பிடித்துப்போய் ஆளே இல்லை. திருப்பி அனுப்பினால் தனக்கும் அதுதான் என்கிறான்.

அவன் படிவத்தைத் தொடவே மாட்டேன் என்றான். "அண்ணை, ஊரில பேர் எழுதிக் குடுத்த வீட்டுக்குத்தான் முதல்ல வந்தவங்கள்."

இந்தப் படிவத்தை இமிகிரேசன் கண்ணாலும் பார்க்க முடியாது, அது சட்டம் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். "நான் பொறுப்பு" என்றும் சொன்னேன்.

தேத்தண்ணி தந்தார்கள்.

7 மார்ச், வியாழன்

நாலு பேரும் நிரப்பி வைத்திருந்தார்கள். பிருந்தனின் கையெழுத்து அச்சடித்தது போல. அறுபத்தொரு வீடு, நூற்றெழுபத்தெட்டு பேர். ஒருவரும் விடுபடவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

14 ஏப்ரல், ஞாயிறு

வருடப்பிறப்பு ஒன்றுகூடல். தமிழ்ச் சங்கச் செயலாளர் சற்குணம் என்னைப் பிடித்துக்கொண்டார். தெற்குப் பகுதி வேட்பாளர் ஒருவருக்கு மனு எழுதுகிறாராம். எங்களுடைய ஆட்களின் குடும்பங்களை இங்கே எடுக்க வழி செய்ய வேண்டும் என்று. மனு நல்ல மனுதான். ஆனால் எத்தனை தமிழர் இருக்கிறோம் என்று காட்டாவிட்டால் வெள்ளைக்காரன் திரும்பியும் பார்க்க மாட்டான் என்றார். அது சரி. தலை எண்ணிக்கைக்குத்தான் ஆசனம், ஆசனத்துக்குத்தான் மரியாதை. கச்சேரியில் நான் படித்த பாடமே அதுதான்.

பாபகுராவில் இத்தனை, மனுரேவாவில் இத்தனை என்று வாசித்துக்கொண்டு போனவர், பிராங்கிளின் பக்கம் ஒருவரும் இல்லை என்றார்.

"ஏன் இல்லை, பட்டுமாஹோவில கோலினின்ரை வெங்காயக் கொட்டகையிலயே நாலு பேர் இருக்கினம்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூர்த்தி அண்ணைக்குத் தெரியாத கணக்கில்லை என்று என் தோளில் தட்டினார் ஒருவர். சற்குணம் எழுதிக்கொண்டார்.

15 ஏப்ரல், திங்கள்

நேற்றுச் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. சற்குணத்துக்கு போன் எடுத்தேன், மனு தபாலில் போய்விட்டது. நாலு என்ற எண் மட்டும்தானே, பேர் இல்லையே.

20 ஜூன், வியாழன்

காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் இமிகிரேசன், கூடவே பொலிஸ். மலேசியச் சகோதரர் இருவரும் பிருந்தனும் பிடிபட்டார்கள். செல்வராஜ் வானை வாகனத் தகுதிச் சான்று எடுக்க புகிகோஹே கராஜுக்குக் கொண்டுபோயிருந்தார்.

22 ஜூன், சனி

கோலினிடம் போனேன். மனிதர் பயந்துபோயிருக்கிறார், குற்றப்பணம் கட்ட வேண்டி வருமாம். வந்த அதிகாரியின் கையில் ஒரு கடிதப் பிரதி இருந்தது, மேலே ஹார்ப் போல ஏதோ படம், அதில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது என்றார்.

ஹார்ப் இல்லை. யாழ். எங்கள் சங்கத்தின் கடிதத்தாள்.

கோடு போட்ட வரி எதுவென்று அவர் சொல்லத் தேவையில்லை. அந்த வேட்பாளரின் கந்தோரில் யாரோ நல்ல பிள்ளையாக இமிகிரேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தது யார்? நான். என்ரை வாய். என்ரை கொழுப்பு வாய்.

23 ஜூன், ஞாயிறு

மனைவி வசந்தமலரிடம் சொன்னேன். தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். சற்குணத்திடம் உடனே போய்ச் சொல்லுங்கள், லோயரிடம் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் மறிக்க ஏதும் வழி இருக்கும் என்றாள். நாளைக்குப் போகிறேன் என்றேன்.

24 ஜூன்

புள்ளிவிபரக் கந்தோரிலிருந்து கடிதம். நிரந்தர வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமாம், எனது கணக்கெடுப்பு மிகத் திருத்தமாக இருந்ததாம். உறுதிமொழியை மீறியவன் என்று தெரிந்தால்?

சற்குணத்திடம் போகவில்லை.

29 ஜூன், சனி

பிருந்தனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

25 ஜூலை, வியாழன்

தெகிவளையில் நேற்று ரயிலில் குண்டு. எத்தனை சனம். இனிக் கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாகத் தமிழ்ப் பொடியளை அள்ளுவார்கள்.

2 ஓகஸ்ட், வெள்ளி

பிருந்தனின் கடிதம். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றிலிருந்து, குண்டு வெடிப்பதற்கு முதல் எழுதியது. அதே அழகான எழுத்து.

"அண்ணை, காட்டிக் கொடுத்தது செல்வராஜ்தான். அன்றைக்கு மட்டும் அவர் அங்கே இல்லை. நீங்கள் சட்டம் தெரிந்தவர், ஆட்களுக்குச் சொல்லி வையுங்கோ. இன்னொருவருக்கும் இப்படி நடக்கக் கூடாது."

என்னிடம் சொல்லச் சொல்கிறான். என்னிடம்.

18 ஓகஸ்ட், ஞாயிறு

சற்குணத்துக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்திருக்கிறது. கோயிலில் வாசித்துக் காட்டினார். அவர் கண்கலங்கினார், நடிப்பில்லை. தன்னுடைய மனுவையும் இதையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. செல்வராஜுக்கு இனி ஒருவரும் வேலையோ அறையோ கொடுக்கக் கூடாது என்று பேச்சு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தீர விசாரிக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான் வந்தது.

9 செப்டெம்பர், திங்கள்

பிருந்தனின் மாமன் கொழும்பிலிருந்து சற்குணத்துக்கு போன் எடுத்திருக்கிறார். ஜூலைக் கடைசியில் லொட்ஜில் வைத்துப் பிடித்தது. எந்தக் காம்பிலும் பேர் இல்லையாம்.

எந்தப் பட்டியலிலும் பேர் இல்லை.

10 செப்டெம்பர்

வசந்தமலர்: "வேலை கிடைச்சாப் பிறகு சொல்லுவியளோ?"

நேர்முகம் முடியட்டும் என்றேன். அவள் மகள் லோஜனாவின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

12 ஒக்டோபர், சனி

தேர்தல். இந்த முறை ஆளுக்கு இரண்டு வாக்கு, தொகுதிக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. சற்குணத்தின் வேட்பாளர் தோற்றுவிட்டார். மனு அவ்வளவோடு சரி.

21 ஒக்டோபர், திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேரவேண்டும். வசந்தமலரிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

26 ஒக்டோபர், சனி

காலையில் செல்வராஜ் வந்தார். இரண்டு மாதமாகத் தமிழ்க் கடையில்கூட அவரோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. கோலினும் கொட்டகையை மூடிவிட்டார். ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஆப்பிள் தோட்டத்துக்குப் போகிறாராம். நல்லவர் என்று ஒரு கடிதம் வேண்டும், இங்கே கேட்பதற்கு வேறு ஆளில்லை என்றார்.

எழுதினேன். நேர்மையானவர், நம்பத்தகுந்தவர், நான் நேரில் அறிந்தவர். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேசையில் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வசந்தமலர் குசினி வாசலில் நின்றாள்.

"சார், அந்தப் பசங்களை நான் காட்டிக்குடுக்கலைன்னும் ஒரு வரி சேர்த்துருங்க. நீங்க எழுதினா நம்ம ஆளுங்க நம்புவாங்க."

தோட்டக்காரனுக்கு அதெல்லாம் தேவைப்படாது, வீண் சந்தேகம்தான் வரும் என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.