வெள்ளி வந்த கடிதம்

செம்பாக்கம்
14-7-2007

அன்புள்ள வாத்தியாருக்கு, சவுரிமுத்து வணக்கம்.

இங்கே நான், மகன், மருமகள் ஜான்சி எல்லோரும் சுகம். திருச்சியில் மகள் வீட்டுச் சாப்பாட்டில் உங்கள் முட்டிவலி குறைந்ததா? போன் போட்டால் "யாரு, யாரு" என்பதிலேயே பத்து நிமிடம் போகிறது. அதனால்தான் நான் சொல்ல, ஜான்சி எழுதுகிறாள்.

கொட்டகையில் நீங்கள் கம்பியை மாட்டிக் கரண்டில் ஓடவிட்டுப் போன ஜாடியைத் தினம் இரண்டு வேளை பார்க்கிறேன். எண் படிக்கத் தெரியாதவனுக்கென்று மீட்டரில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டீர்களே, முள் அதைவிட்டு நகரவில்லை. கரண்ட் மூன்று தடவை போனது. இரண்டாம் நாள் காலை, ஒன்பதாம் நாள் மழையில், பதினாறாம் நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது. மூன்று தடவையும் பேட்டரி தாங்கியது. குரோம்பேட்டைப் பட்டறையில் நாற்பது வருஷம் முலாம் தொட்டியோரம் நின்றவன் நான். அந்தக் குமிழிச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

ஏரிக்கரைக்குத் தனியாகத்தான் நடக்கிறேன். டீக்கடை குப்புராஜ், "இன்னா பெர்சு, உன் பார்ட்னர் இரும்பைத் தங்கமாக்கிகினு எஸ்கேப்பா?" என்றான். "இரும்பும் இல்ல, தங்கமும் இல்ல. பல்லேடியம்னு ஒரு கம்பி, அதை வெள்ளியாக்கப் பாக்குறாரு. உன் டீயைப் பாலாக்க அவராலயும் முடியாது" என்றேன். நான்கு பேர் சிரித்தார்கள். நீங்கள் இல்லாமல் போனீர்கள்.

இன்லண்டில் இடம் முடிந்தது என்கிறாள் ஜான்சி. கடைசியில் வெள்ளி வந்தது. கம்பியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சவுரிமுத்து (கைநாட்டு)


திருச்சி
18-7-2007

என் அருமைச் சவுரிக்கு,

உமது கடிதத்தின் கடைசி இரண்டு வரியை எட்டுத் தடவை படித்தேன். பேத்தி வந்து, "தாத்தா ஏன் தானா சிரிக்கறீங்க?" என்று கேட்டாள்.

பல்லேடியமும் வெள்ளியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உமது கண் வெள்ளி முலாமிலேயே ஊறிய கண். பல்லேடியத்தின் அணுக்கருவுக்குள் ஒரே ஒரு புரோட்டான் நுழைந்தால் அது வெள்ளி. "அதற்குச் சூரியனின் சூடு வேண்டும், உன் ஊறுகாய் ஜாடியில் நடக்காது" என்று கல்லூரியில் பதினைந்து வருஷம் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இதுவரை உம்மிடம் சொல்லாத ஒன்று. செம்பாக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே இருக்கச் சொல்கிறாள் மகள் புஷ்பலதா. "ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குதுப்பா. கூட இருக்கிற அந்தப் பெரியவரும் நீங்க எது சொன்னாலும் தலையாட்டறார்" என்கிறாள். போன வாரம் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை வெள்ளி வந்தால் நான் ஊர் திரும்புவேன். வராவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு இங்கேயே இருப்பேன்.

ஆகவே, நீர் பார்த்ததை விவரமாக எழுதும். அதை அவளிடம் காட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டுகிறேன்.

உமது,
வேதாசலம்


செம்பாக்கம்
21-7-2007

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தை ஜான்சி படிக்கப் படிக்க முதலில் சிரித்தேன். வாக்குக் கொடுத்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வாத்தியாரே, வந்தது வெள்ளிக்கிழமை. நீங்கள் ரயிலேறியது ஒரு வெள்ளிக்கிழமை. ஜாடி இருபத்தொரு நாள் ஓடட்டும் என்றீர்கள். நான் மூன்று வெள்ளி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கடைசியா வெள்ளிக்கெழம வந்துச்சு, கம்பியக் கழட்டிப் பஞ்சுல சுத்தி வச்சிருக்கேன்." ஜான்சி, "மாமா, ரெண்டு விரல் எடந்தான் கீது" என்று கிழமையை விட்டுவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. பாவம், நகத்தைக் கடித்துக்கொண்டே எழுதுகிறாள்.

அவளே ஒரு யோசனையும் சொன்னாள். "வுடு மாமா, வெள்ளின்னே இருக்கட்டும். அவரு வந்துடுவாரு இல்ல?" ஒரு நாள் பூராவும் அதையே நினைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றினேன். நீங்கள் வரவேண்டும் என்று இங்கே என்னைவிட ஆசைப்படுகிறவன் யாரும் இல்லை.

ஒருவேளை நிஜமாகவே வெள்ளி வந்திருந்தால் என்று கடைசியாகப் பார்த்தேன். பட்டறையில் செய்கிற சோதனைதான். கம்பி முனையைக் கொஞ்சம் அராவி, அந்தத் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புத் தண்ணீர் விட்டேன். வெள்ளி இருந்தால் மோர் மாதிரி வெளுக்கும். டீ டிகாஷன் மாதிரி செம்பழுப்பாகவே நின்றது. அமிலம் பழசோ என்று சந்தேகம். ஜான்சியின் அறுந்த கொலுசில் ஒரு மணியைப் போட்டேன். "அய்ய, அதான் கெடச்சுதா ஒனக்கு" என்றாள். அது பளிச்சென்று வெளுத்தது. ஆக, அமிலம் நல்ல அமிலம். கம்பியில் வெள்ளி இல்லை.

இதை மகளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். கொட்டகையைப் பிரிப்பதென்றால் ஓடுகளை நானே உடையாமல் இறக்குகிறேன்.

சவுரிமுத்து (கைநாட்டு)


திருச்சி
30-7-2007

சவுரிக்கு,

ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. உம்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நான் கேட்டேனா உம்மை, அமிலத்தை எடு என்று?

கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். தலையணை உறை மாற்றும்போது புஷ்பலதா எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்தாள். வாக்குப்படி இனி எனக்குத் திருச்சிதான் என்று நினைத்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கொலுசுமணியைப் போட்டுப் பார்த்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீங்க வரணும்னு அவ்வளவு ஆசை அவருக்கு. ஒரு சொல்லு மாத்தி எழுதியிருந்தா போதும். எழுதலையே" என்றாள்.

அப்புறம் அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே கத்திச் சொன்னாள். என் காதுக்கே கேட்டது. "நான் பயந்ததெல்லாம், உங்ககிட்ட 'இல்லை'ன்னு சொல்ல அங்க ஆள் இல்லையேன்னுதான். கிளம்புங்கப்பா."

ஞாயிறு காலை வண்டியில் தாம்பரத்தில் இறங்குகிறேன். பெட்டி கனம், ஸ்டேஷனுக்கு வாரும். ஜான்சிக்குப் புதுக் கொலுசு புஷ்பலதா கொடுத்தனுப்புகிறாள்.

பெரிய கடைத்தெருவில் நல்ல நிக்கல் கம்பி கிடைத்தது. நிக்கலுக்குள் ஒரு புரோட்டான் நுழைந்தால் செம்பு. இந்தத் தடவை வரும் என்று நினைக்கிறேன். நீர் வராது என்பீர். ரயிலடியிலிருந்தே சண்டையை ஆரம்பித்துவிடலாம்.

உமது,
வேதாசலம்