இரண்டாவது கியர் இப்போது நிற்கிறது

என் அன்பு மச்சான் காதருக்கு,

உன் பழைய கை கியர் ஸ்கூட்டர் சரியாகிவிட்டது. நலம் விசாரித்துக் கடிதம் தொடங்கும் பழக்கம் நமக்குள் என்றைக்கு இருந்தது? அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போய்ச் சேர்ந்து, உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம் உன் மகள் ஷமீம் அந்த வண்டியைச் சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு என் பட்டறைக்கே வந்துவிட்டாள். கண்டமங்கலம் பள்ளிக்கூட வேலைக்கு இப்போது அதில்தான் போகிறாளாம்.

"செகண்டு கியரு வெளிய வந்துடாம முறுக்கிப் புடிச்சிக்கினே ஓட்டணும்னு அத்தா சொல்லிக் குடுத்திருக்காரு மாமா. ஒரு வாரந்தான் ஓட்னேன். கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள். இடது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தாள். நீயும் அதே கையில்தான் சுற்றியிருப்பாய்.

எட்டு வருஷத்துக்கு முன் அந்த என்ஜினைப் பிரித்து மாட்டியது நான். பத்து நாளில் நீ திரும்பி வந்தாய். "மச்சான், செகண்டு நிக்கவே மாட்டேங்குது. பேஜாரா இருக்குதுடா" என்றாய். நான் கேபிளை இழுத்துக் கட்டி அனுப்பினேன். அடுத்த தடவையும் கேபிள்தான். ஒரு தடவையாவது நான் ஏறி ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

ஷமீம் நிக்காஹ் பந்தியில் நடந்ததை நீ மறந்திருப்பாயா? "இன்னொரு தபா பிரிச்சிப் பாரேன் மச்சான்" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நான் உன் சம்பந்தி எதிரிலேயே, "கியர் போடத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்குடா? வித்துட்டு பஸ்ல போ" என்றேன். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நீ திண்டிவனம் பக்கம் வரவில்லை. அழைக்க எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் உன் ஜனாஸாவில்தான் வந்து நின்றேன், ஆகக் கடைசி வரிசையில்.

இந்த முறை மேம்பாலம் வரை நானே ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் இரண்டாவது கியர் மூன்று தடவை கழன்றது. என் கையிலும் கழன்றது, காதர்.

என்ஜினைக் கீழே இறக்கினேன். நட்டுகளை இறுக்கியதும் நான் வைக்கும் நீலப் பெயிண்ட் பொட்டு ஒன்றுகூட உடையாமல் இருந்தது. எனக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. உள்ளே கியர்களைப் பிடித்து நிறுத்தும் சிலுவை மாதிரியான துண்டு ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கும். அதை நான் பக்கம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். ஐந்து நிமிஷம் நிதானித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத் துணியால் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா மாமா கோளாறு?" என்று ஷமீம் கேட்டாள்.

"தேஞ்சி போச்சும்மா" என்றேன். உன் பெண்ணிடம் பொய் சொன்னேன்.

"அப்ப சரி. அத்தா ஒருத்தரையும் அதத் தொடவே வுடல மாமா. ஆரோக்கியம் மச்சான் பூட்டுனதுல தப்பு வராது, என் கைதான் சரியில்லன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

விழுப்புரத்தில் இத்தனை மெக்கானிக்குகள் இருக்க, நீ ஏன் மச்சான் இன்னொருவனிடம் போகவில்லை? என் மேல் கோபம் இல்லையா? இருந்தும் போகவில்லையா? இனி யாரிடம் கேட்பேன்?

புதுத் துண்டைச் சரியான பக்கம் பார்த்துப் பூட்டினேன். ஷமீம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

உன்னைப் பலபேர் முன்னால் அவமானப்படுத்தினேன். அதனால்தான் இதையும் எல்லோரும் படிக்கும்படி திறந்த மடலாக எழுதுகிறேன். எழுதினால் மட்டும் போதாது. வருகிற வெள்ளிக்கிழமை விழுப்புரம் வருகிறேன். ஜும்மா தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் நிற்பேன். ஷமீமையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன் சம்பந்தியை நிறுத்தி, ஷமீம் காது கேட்கச் சொல்வேன்: "காதருக்கு வண்டி ஓட்டத் தெரியும். எனக்குத்தான் பூட்டத் தெரியவில்லை."

உன் மச்சான்,
ஆரோக்கியம்
திண்டிவனம்