வெடிக்குள் போன சமூக அறிவியல் புத்தகம்

இன்று தீபாவளி. வாசலில் வெடித்துக் கிடந்த காகிதத்தைக் கூட்டும்போது கருகின துண்டு ஒன்றில் எழுத்து தெரிந்தது. ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத் தாள். "பருத்தி விளைய ஏற்ற மண்" என்று பாதியில் நின்றது. என் வாய் தானாகக் "கரிசல்" என்றது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் காய்ச்சலில் படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. போவதிலும் என்னை முந்திக்கொண்டாய்.

பத்தாம் வகுப்பில் உன்னைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். எங்கள் அப்பா முதல் செல்போன் வாங்கிய வருஷம் அது. எனக்குத் தனி அறை, மின்விசிறி, நேரத்துக்குப் பால். முதல் பாடத்திலிருந்து கோடு போட்டுப் போட்டுப் படிப்பேன். நீயோ தாயில்பட்டியில் உங்கம்மாவோடு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டே முதல் ரேங்க் வாங்குவாய். "அந்தப் பிள்ளையப் பாத்துப் படி" என்று அப்பா சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. பொதுத்தேர்விலாவது உன்னைத் தாண்டிவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

எப்படித்தான் படிக்கிறாய் என்று வேவு பார்க்கவே உன் வீட்டுக்கு வந்தேன். குழாய்க்காக எடைக்கு வாங்கிய பழைய பாடப்புத்தகங்கள் குவிந்து கிடந்தன. கையில் வந்த தாளின் முதல் வரியை வாசித்தாய். மிச்சத்தைப் பார்க்காமல் சொன்னாய். சரிபார்த்துவிட்டு உருட்டினாய். தடுமாறிய தாளை மட்டும் மறுநாளைக்கென்று ஒதுக்கி வைத்தாய். இம்புட்டுதானா என்ற எரிச்சலில் கிளம்பியவள், என் சமூக அறிவியல் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஓடி வந்தால், உங்கம்மா அதில் பாதியை உருட்டி முடித்திருந்தார்கள். "பழசுன்னு நெனச்சிட்டேன் தாயி, தாளு பூராம் கோடாக் கெடந்துச்சே" என்றார்கள்.

நான் அழுதேன். நீ சிரித்தாய். "எம் புத்தகத்தத் தாரேன். மொதல்ல, வெடிக்குள்ள போன பாடத்தப் பாக்காமச் சொல்லு." சொல்லிப் பார்த்தேன். முதல் பாடத்தைத் தாண்டி எதுவும் வரவில்லை. "அம்புட்டுக் கோடு போட்டியேடி, எல்லாம் எங்கன போச்சு?" என்றாய். உன்னை அறையலாம் போலிருந்தது. ஆனாலும் பரீட்சை வரை தினமும் வந்தேன். பசை ஒட்டிய கையோடு, எந்தத் தாள் வந்ததோ அதைச் சொன்னேன்.

அந்தப் பாடத்தில் அவ்வளவு மார்க் நான் அதற்கு முன் வாங்கியதே இல்லை. நீ அதைவிடக் கூட வாங்கினாய். அப்பா என்னுடையதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள எம்புட்டு?" என்றார்.

இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். பாடங்களைக் கலைத்துப் போட்டுத்தான் அவளைக் கேட்கிறேன். தடுமாறியதை மறுநாளைக்கு எடுத்து வைக்கிறேன். "இது நீயாக் கண்டுபிடிச்சதாம்மா?" என்றாள் போன வாரம். ஆமாம் என்றிருக்கலாம், நீ வந்து மறுக்கவா போகிறாய். ஆனால் உன் பேரைத்தான் சொன்னேன்.

"அவங்க பெரிய ஆளும்மா" என்றாள்.

அப்போதும் எனக்கு வயிறு எரிந்ததடி.