நீ இறக்காமல் விட்ட லோடு

ஜாய்ஸ்டிக்கில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கிறது. போன வாரம் உன் வீட்டுக்காரர் அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து, மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இத வெச்சுட்டு நானென்ன பண்றதுங்க அம்மணி, நீங்களே ஓட்டுங்க" என்றார். துடைக்க மனசு வரவில்லை. தலை வாரிய கையோடு அதைத் தொடாதே என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அவரவர் வீட்டிலிருந்தே நாம் சேர்ந்து ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்தால், நம் சரக்கு விண்கப்பல் நீ நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. ஏதோ ஒரு நிலவுக்கு மேலே, வயிறு நிறையத் தண்ணீர் பம்புகளோடு. "அங்கயும் நம்ம கோயமுத்தூர் பம்புதான் போவுதாட்ட இருக்குது" என்று சிரித்தாயே, அதே லோடு. கீழே பெரிய பள்ளத்துக்குள் சுரங்க முகாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு சுற்று சுற்றினாய். "நெஞ்சு என்னமோ பண்ணுது புள்ள, மீதிய அப்பறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போனாய். பத்து நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

எங்கே இறக்குவதாக இருந்தாய்? எனக்கு இந்த ஒன்று தெரிந்தாக வேண்டும். தப்பான இடத்தில் இறக்கினால் லோடு போச்சு. கவிழ்ந்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடக்கூடாது என்று சட்டம் போட்டவளும் நீதான். "நெசத்துல லாரி கவுந்தா, தூக்கி வெச்சு மறுக்கா ஓட்ட உடுவாங்களா?" என்பாய். இது உன் கடைசி லோடு. இதையும் நான் கவிழ்த்துவிடக் கூடாது.

'இதையும்' என்று ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நான் அவசரக்காரி. கிடங்கு தெரிந்தால் போதும், அதன் வாசலிலேயே இறக்குவேன். ஒரு தடவை சரிவைப் பார்க்காமல் இறக்கி, கப்பல் மெதுவாகச் சாய்ந்து, பெட்டியெல்லாம் உருண்டு ஓடியது. ஹெட்போனில் உன் சிரிப்பு அடங்கவே இல்லை. "ஏம்புள்ள, ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து நிறுத்தோணுமா உனக்கு?"

நீ லாரி ஆபீஸ் நடத்தியவள். புது ஊருக்கு வண்டி அனுப்பினால், தெருமுனையிலேயே நிறுத்தி, டிரைவர் இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனிலேயே கேட்பாய்: "எறக்கறது கெடக்குது, லோடோட திருப்பி எடுக்க வழியிருக்குதுங்களா?" விளையாட்டிலும் அதே கதைதான். எந்த இடமானாலும் மூன்று சுற்று. எனக்குக் கொட்டாவி வரும். ஹாஸ்டல் மெஸ்ஸில்கூட எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பாய், அந்தக் காலத்திலேயே!

சரி, மூன்றாவது சுற்றை நான் சுற்றினேன்.

முகாமுக்குள்ளேயே விளக்குப் போட்ட, சமமான, அழகான இறங்குதளம் இருக்கிறது. யாராக இருந்தாலும் அங்கேதான் இறக்குவார்கள். நீ இரண்டு சுற்றிலும் அதை ஏன் தொடவில்லை? எனக்குப் பிடிபடவே இல்லை. அப்புறம் உன் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். இங்கிருந்து திரும்பும்போது என்ன ஏற்றுவோம்? சுரங்கம், அதனால் தாதுக்கல். பம்புகளைவிட நாலு மடங்கு கனம். தளத்துக்கு எதிரே பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்கிறது, மறுபக்கம் முகாமின் கோபுரம். காலியாக இருந்தால் எழும்பிவிடலாம். கல்லோடு எழும்பினால் நேரே சுவரில்தான். அடியே கெட்டிக்காரி!

பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில் ஒரு திட்டு கண்ணில் பட்டது. முகாமிலிருந்து தூரம்தான், ஆனால் முன்னால் தடையே இல்லை. கப்பலின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி இறக்கினேன். கொஞ்சம் வழுக்கிவிட்டு நின்றது. ஒரு பெட்டிகூட உருளவில்லை.

உடனே உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "எறக்கீட்டனுங்கண்ணா!"

"பக்கத்துலயே எறக்கீட்டீங்களா?"

"இல்லீங்க, சுத்திப் பாத்துட்டு, தள்ளித்தான்."

அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரில அவ அதத்தானுங்க சொல்லீட்டே இருந்தா. 'அவ வாசல்லயே எறக்கிக் கவுத்துப்போடுவா, அவசரக்காரி'ன்னு."

அடிப்பாவி! அந்த நிலையிலும் என் மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா? கோபத்தில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அந்தப் பக்கம் அழுதார்.

உன் மனதில் இருந்தது அந்தத் திட்டுதானா, வேறு இடமா, இனித் தெரியப் போவதில்லை. இடத்தை நானே பார்த்தேன், அது போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் திரும்பி வரும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன் புள்ள. எந்த இடத்திலும் வெளியே வர வழி பார்க்காமல் கால் வைக்காதவள், அந்த ஆஸ்பத்திரிக்குள் மட்டும் எதை நம்பிப் போனாய்?