நான் மூடிய சொட்டுக் குழாய்

என் அன்புத் தம்பி மணியம்,

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கோணல் எழுத்தைத் திருத்தியவன் நான். இன்று என் எழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

உனக்குப் பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் மூக்கு அப்படியே இருக்கிறது. உன் மகள் கவிதா பிரசவப் பத்தியத்துக்கு மேருவில் இருக்கும் உன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நீ கண்ணை மூடிய பிறகு நானும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேதான் இருக்கிறேன்.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் விறகு பாய்லர் கட்ட ஆரம்பித்தாயே, நினைவிருக்கிறதா? பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலை போட்ட வெந்நீர் தாராளமாக வேண்டும், கரண்டு ஹீட்டர் பத்தாது என்றாய். கேரி தீவு ஆலையில் பாய்லர் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா! தொழிற்சாலைகளில் வேண்டாமென்று வீசியெறியும் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கினாய். பாய்லரிலிருந்து செம்புக் குழாய் இழுத்து, குளியலறைச் சுவரில் இருக்கும் ஹீட்டர் தொட்டிக்குள் சுருளாக விட்டாய்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுத்தேன். உன் மனைவி செல்வி பால் போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடு பண்ணுகிறாள் அல்லவா? சூடு போத்தலுக்குள் போகிறது, தண்ணீர் பாலில் கலப்பதில்லை. அதே மாதிரிதான் இதுவும் என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது எனக்கே தெரியவில்லை.

தொட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே வந்து சொட்டிக்கொண்டே இருக்கும். நீ இருக்கும்போதே கேட்டேன், "ஏண்டா இது ஒழுகுது?" என்று. "ஒழுகலண்ணே, மூச்சு விடுது. அது பாட்டுக்கு விடட்டும்" என்றாய். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே "சரி சரி" என்றேன். ஏன் என்று நான் ஏன் கேட்கவில்லை?

நேற்று குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் போனதும் செல்வி முகம் வாடிப்போய் வந்தாள். "மாமா, ஒரு சாவு பாத்த வீடு. பச்சப்புள்ள இருக்கு. இப்படிச் சொட்டு சொட்டா ஒழுகினா வீட்டுக்கு ஆகாதுன்றாங்க."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் ஒழுகும் குழாயைக் கண்டால் மூடு என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை விரட்டியவன் நான். கடைக்குப் போய் ஒரு பித்தளை மூடி வாங்கிவந்து இறுக்கித் திருகினேன். சொட்டு நின்றது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் தேநீர் குடித்தேன், தம்பி.

இன்று காலை மழை. கவிதாவுக்குக் குளிரக்கூடாதே என்று பலகைகளை அதிகமாகவே போட்டேன். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். டொக், டொக். பிறகு ஒரு முனகல். செல்வி வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரவில்லை, ஆவிதான் சீறிக்கொண்டு வந்தது. அவள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். கவிதா அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் முக்காலியில் உட்காருவாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுததால் அறைக்குப் போயிருந்தாள். அழாமல் இருந்திருந்தால்?

உன் ஆலை நண்பன் தனபாலுக்குப் போன் போட்டேன்.

"சார், மொதல்ல அவங்கள முன்வாசலுக்குப் போகச் சொல்லுங்க. நெருப்ப வெளிய இழுங்க. தண்ணி ஊத்திடாதீங்க! இழுத்துப் போட்டுட்டு நீங்களும் ஓடிடுங்க."

"தனபால், வெடிச்சிடுமா?"

"பேசாதீங்க சார், இழுங்க!"

உன்னுடைய நீளக் கொக்கியால் கொள்ளிகளை இழுத்து மழையில் போட்டேன். ஒரு மணி நேரம் முன்வாசலில் நால்வரும் நின்றோம். சத்தம் மெல்ல அடங்கியது. மதியம் அடுப்பில் குக்கர் விசிலடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டில் சூடு போதுமானால் ஹீட்டர் தானே நின்றுவிடும். விறகுக்கு நில் என்று யார் சொல்வது? மிஞ்சிய சூட்டையும் அழுத்தத்தையும் வெளியேற்றத்தான் அந்தச் சின்னக் குழாய். அதன் வாயைத்தான் நான் அடைத்தேன்.

ஆனால் உன்னிடம் சொல்ல வந்த பயம் இதுவல்ல.

"அப்பா தனியா கட்டினது பெரியப்பா. எங்கயோ தப்பு பண்ணிட்டாரு போல. ஒடச்சிப் போட்டுடலாம் லா" என்றாள் கவிதா. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு இதுல தப்பே வராதுன்னு நெனச்சேன்" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன், தம்பி. வாயைத் திறக்கவில்லை.

எது என்னைத் தடுத்தது? நீ மறுத்துப் பேச வரமாட்டாய் என்ற தைரியமா?

ஐந்து மணிக்குத் தனபால் வருகிறான். தொட்டி ஆறும்வரை எதையும் தொடாதீர்கள் என்றிருக்கிறான். இப்போது தொட்டி ஆறிவிட்டது. அவன் வருவதற்குள் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை பின்வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். காலையில் பயந்ததைவிட அங்கே நின்றபோது அதிகமாகப் பயந்தேன்.

மூடி அங்கேயே இருக்கிறது. தனபால் வந்ததும் செல்வியையும் கவிதாவையும் பின்னால் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அதைக் காட்டி, "இது மணியம் வைத்ததல்ல, நான் வைத்தது" என்று சொல்வேன். தனபால் எல்லாவற்றையும் சோதித்து முடிக்கும்வரை ஒரு குச்சிகூடப் பற்றவைக்கமாட்டேன். நாளைக்குக் கவிதாவுக்கு அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொள்கிறோம். மறுபடி உன் பாய்லர் எரியும் நாளில், அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைப்பேன். அது பாட்டுக்குச் சொட்டட்டும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. போகிறேன்.

இந்த முறை பேசப்போகிற,
உன் அண்ணன்